கடைசி வீடு வரை குழாய்!

(திண்டிவனத்துப் படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பழம்பெரும் ஊரிலே நின்று பேசுகிறேன். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடுகிற கிடங்கில்தான், இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்கும் கிடங்கல். கிடங்கு என்றால் அகழி. நீரையே அரணாக்கி ஊரைக் காத்தவர்கள் நம் முன்னோர். அந்தக் கிடங்கலின் ஏரியிலே இன்று நகரத்துக் கழிவு கலக்கிறது என்று மக்கள் முறையிடுகிறார்கள். நேற்று நீர் நம்மைக் காத்தது. இன்று நம்மிடமிருந்து நீரைக் காக்க வேண்டியிருக்கிறது. காலத்தின் கோலமா இது? அல்ல தோழர்களே, நமது கவனக்குறைவின் விளைவு!

விழுப்புரத்திற்குச் சென்று கோலியனூரான் வாய்க்காலைப் பாருங்கள். தென்பெண்ணைத் தண்ணீரை உழவனின் வயலுக்குக் கொண்டுசெல்ல வெட்டப்பட்ட வாய்க்கால் அது. ஊருக்குள் நுழைந்ததும் அதன் பெயர் மாறுகிறது, ‘சாக்கடை’ என்கிறோம். வாய்க்கால் தானாகச் சாக்கடை ஆகவில்லை, ஆக்கினோம்! வீட்டுக் கழிவைத் தெருக்கால்வாயில் விட்டோம். தெருக்கால்வாயை வாய்க்காலில் விட்டோம். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘நகராட்சி என்ன செய்கிறது?’ என்று கேட்டோம்.

2024 டிசம்பர் 1ஆம் நாள் நினைவிருக்கிறதா? பெஞ்சல் புயலிலே, அருகிலுள்ள மயிலத்தில் மட்டும் ஒரே நாள் கணக்கில் 51 சென்டிமீட்டர் மழை. ‘இவ்வளவு மழை பெய்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?’ என்பார்கள். மழையை நிறுத்த முடியாது, ஒப்புகிறேன். ஆனால், வீட்டுக்குள் நுழைந்த வெள்ளத்திலே மழைநீரோடு மலமும் கலந்து வந்ததே, அதுவும் மேகம் பொழிந்ததா? அது நம் ஊரில் அடைத்துவைத்த அழுக்கு அன்றோ!

அந்த வெள்ளம் முதலில் யார் வீட்டுக்குள் நுழைகிறது? தாழ்ந்த பகுதிக்குள். நிலம் தாழ்ந்திருக்கும் இடமும், தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருக்கும் இடமும் நம் ஊர்களில் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பது தற்செயலா? மேட்டிலே இருப்பவன் கழிவைத் தள்ளுகிறான். பள்ளத்திலே இருப்பவன் அதைச் சுமக்கிறான். ஆகவேதான் சொல்கிறேன்: பாதாளச் சாக்கடை வெறும் குழாய் வேலையன்று, சமத்துவ வேலை.

சீமையிலும் இந்தக் கதை நடந்தது. 1858இல் இலண்டன் மாநகரின் தேம்சு ஆறு நாறிற்று. ஆற்றங்கரைப் பாராளுமன்றத்தில் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. ஏழையின் மூக்கைத் துளைத்தபோது அசையாத சட்டமன்றம், தன் மூக்கைத் துளைத்ததும் துடித்தெழுந்தது! பாசல்கெட் என்னும் பொறியாளர் பெருங்குழாய்களை அமைத்தார். ஆனால் 1866இல் மீண்டும் காலரா வந்தது. எங்கே வந்தது? குழாய் வேலை முடிந்த பகுதிகளிலே அல்ல. முடியாமல் மிச்சமிருந்த கிழக்கு இலண்டனிலே, உழைப்பாளர் வாழ்ந்த பகுதியிலே! ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பாதிக் குழாய் பாதி ஊரைத்தான் காக்கும். காக்கப்படாத பாதி, எப்போதும் ஏழையின் பாதி. இதுவே நமக்குப் பாடம்.

விழுப்புரத்திற்குப் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது. திண்டிவனத்தில் தெருக்களைத் தோண்டிக் குழாய் பதித்ததை நீங்களே கண்டீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் மண்ணுக்குள் குழாய் போனதோடு வேலை முடிந்ததா? கழிவுநீர் சரிவைத் தேடி ஓடும். சரிவு குறைந்த ஊரிலே, நீரேற்று நிலையம்தான் அதை மேலேற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பொறி நின்றால், பள்ளத்துத் தெருவின் ஆளிறங்கு குழி பொங்கும். மாடி மழைநீரைக் கழிவுக் குழாயிலே திருப்பிவிட்டாலும் அது பொங்கும். வீட்டை இணைக்கப் பணமில்லாத ஏழை பழைய வழியிலேயே விட்டால், வாய்க்கால் பழையபடியே நாறும். திட்டத்தின் அளவுகோல், பதித்த குழாயின் நீளமன்று; இணைந்த வீடுகளின் எண்ணிக்கை!

இன்னொன்றும் கேளுங்கள். குழாய் இல்லாத இடத்திலே தொட்டி. தொட்டி நிறைந்தால், அடைத்தால், உள்ளே இறக்குவது ஒரு மனிதனை. மனிதனை இறக்குவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. சாக்கடையில் சாவோரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. இழப்பீடு நீதியன்று, தோழர்களே! இறங்க வேண்டாத நிலையே நீதி. நச்சுக்காற்றிலே மூச்சடைத்துச் சாகிறவன் எந்தச் சாதியைச் சேர்ந்தவன் என்று நான் சொல்லவும் வேண்டுமா? சாதி ஒழிப்பை மேடையிலே முழங்குகிற நாம், அந்தக் குழியின் ஓரத்திலே நின்றும் முழங்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? விழுப்புரத்தில் 42 வார்டுகள், திண்டிவனத்தில் 33. ஒவ்வொரு வார்டிலும் தோழர்கள் நால்வர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு புறப்படுங்கள். எந்த வீடு இணைந்தது, எது இணையவில்லை, ஏன் இணையவில்லை, எந்தக் குழி பொங்குகிறது, வாய்க்காலில் எந்த இடத்தில் கழிவு விழுகிறது என்று எழுதுங்கள். 2022 நவம்பர் முதல் நாள் நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அங்கே போய் அந்தக் கணக்கைப் படியுங்கள். ஏழை வீட்டு இணைப்புக்குச் சலுகை கேளுங்கள். குழிக்குள் இறங்க மனிதனல்ல, இயந்திரம் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள்.

ஒரு கசப்பான சொல்லும் உண்டு. வாய்க்கால் கரையை ஆக்கிரமித்தவர் நம் கொடியை வாசலிலே கட்டியவராக இருக்கலாம். அவரிடமே முதலில் போங்கள்! எதிர்க்கட்சிக்காரரின் சுவரை மட்டும் இடிக்கச் சொல்லும் நாக்கை, ஊர் நம்பாது. ஆட்சி எவருடையதாயினும் நாற்றம் ஒன்றே.

அகழியால் ஊரைக் காத்த மரபு நம்முடையது. பள்ளத்துத் தெருவின் கடைசி வீட்டுக்குக் குழாய் சென்று சேரும் நாளே, இந்தத் திட்டத்தின் உண்மையான திறப்பு விழா. அந்த விழாவுக்கு நாள் குறிப்போம், வாரீர்!