வேலை கிடைத்தால் மனம் தேறிவிடுமா?



எஸ்.பி.எம். முடித்த பிள்ளை, அல்லது கல்லூரியைப் பாதியில் விட்டுவந்த பிள்ளை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால் நம் கெடா வீடுகளில் என்ன சொல்வோம்? "ஒரு வேலைக்குப் போனா எல்லாம் சரியாயிடும்." பாட்டி சொல்வார், மாமா சொல்வார், கோயிலில் பார்க்கும் பெரியவரும் சொல்வார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உழைப்பை மட்டுமே நம்பித் தலையெடுத்த சமூகம் இது. ஆனால் அந்தப் பேச்சை அப்படியே நம்பி, உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையில்லாமல் இருப்பது மனத்தை அரிக்கும். இதை முதன்முதலில் கூர்ந்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் மரி யஹோடா என்ற ஆஸ்திரியப் பெண்மணி. வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்றொரு சிற்றூர். ஊர் முழுவதும் ஒரே ஒரு நூலாலையை நம்பிப் பிழைத்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. யஹோடாவும் அவருடைய கூட்டாளிகளும் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்து எழுதிய நூல் 1933இல் வெளிவந்தது. வேலை போனபின் அந்த ஊராருக்கு நேரம் கொட்டிக் கிடந்தது. ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்தது. காலையிலிருந்து மதியம்வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிற்காலத்தில் யஹோடா இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வேலை சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் கொடுக்கிறது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம், ஊரில் ஓர் இடம், உடம்பையும் மூளையையும் ஓயாமல் வைத்திருக்கும் ஒரு காரியம். அறைக்குள் கிடக்கும் பிள்ளை இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழக்கிறான். 2009இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, உலகின் பல நாடுகளில் நடந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வேலையில் இருப்பவர்களில் 16 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. வேலையில்லாதவர்களில் 34 விழுக்காட்டினருக்கு. மனம் நொந்தவருக்கு வேலை கிடைப்பது கடினம் என்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு பங்குக் காரணம். ஆனால் வேலையை இழப்பதும் மனத்தைக் கெடுக்கிறது என்பதை அதே ஆய்வு காட்டியது.

அப்படியானால் பாட்டி சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் நம்முடைய சொந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

பழைய ரப்பர்த் தோட்டத்தில் வேலையில்லாதவர் யார்? விடியுமுன் பெரட்டு, அதாவது பெயர் கூப்பிட்டு ஆள் எடுப்பது. அப்பா, அம்மா, அக்கா எல்லோருக்கும் ஆளுக்கொரு நிரை மரம். யஹோடா சொன்ன ஒழுங்கும் இருந்தது, கூட்டமும் இருந்தது. ஆனால் மனநலம் இருந்ததா? ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை செழித்தது எதனால் என்று யோசித்துப் பாருங்கள். 1946ஆம் ஆண்டுவாக்கில் இந்தக் கெடாவில், ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை மறித்தது. மறியலைப் போலீசார் அடக்கினார்கள், அதில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. எல்லோருக்கும் வேலை இருந்த இடத்தில், மக்களின் துயரத்தைக் கண்டு தொழிலாளர்களே போராட வேண்டியிருந்தது. அதற்கு முன் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளையும் நினைத்துப் பாருங்கள். கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். கூலி வாங்கிக்கொண்டே சிறுமைப்படுவது என்ன என்பதை எந்த ஆராய்ச்சியாளரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்தப் பயத்துக்கு மாற்றாகத்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் சேர்த்த காசில் சங்கம் தொடக்கத்தில் வாங்கிய தோட்டங்களில் ஒன்று நம் கெடாவின் புக்கிட் சிடிம். நாளைக்கும் இந்த இடம் நமக்கு உண்டு என்ற உறுதி மனத்துக்கு எவ்வளவு பெரிய மருந்து என்பதை அன்றைய மக்கள் அறிந்திருந்தார்கள்.

இப்போது இன்றைய நிலைக்கு வருவோம். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும், பாலம் கடந்து பினாங்கிலும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். குளிரூட்டிய அறை, சீருடை, மாதம் பிறந்தால் வங்கியில் சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஓவர்டைம் செய்தால் இன்னும் வரும். இவை பெரிய முன்னேற்றங்கள், சந்தேகமில்லை.

ஆனால் பல இடங்களில் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட். மாலையில் தாமான் முனையில் பேக்டரி பஸ் ஏறும் பிள்ளை, மறுநாள் வெயில் ஏறியபின் வந்து படுக்கிறான். பக்கத்து வீட்டில் கறி தாளிக்கிறார்கள், தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அவன் தூங்க வேண்டும். அடுத்த வாரம் பகல் ஷிப்ட். வேலை நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தரும் என்றோமே, இந்த வேலை இருக்கிற ஒழுங்கையும் பறித்துக்கொள்கிறது. தூக்கம் தொடர்ந்து கெட்டால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை மருத்துவ உலகம் நன்றாகவே அறியும். ஏஜெண்ட் மூலம் ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கோ, ஆர்டர் குறைந்தால் முதலில் தம் பெயர்தான் அடிபடும் என்ற எண்ணம் வேறு. அன்று லயத்தில் இருந்த அதே பயம்தான் இதுவும்.

மோட்டார்சைக்கிளில் உணவு கொண்டுபோகும் பிள்ளைகளின் நிலையும் யோசிக்க வேண்டியது. கேள்வி கேட்க மண்டோர் இல்லை என்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கூட உட்கார்ந்து சாப்பிட ஆளும் இல்லை. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. இத்தகைய தொழிலாளர்களுக்கான சட்ட மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது; அது நடைமுறையில் அவர்களுக்கு உண்மையான பாதுகாப்பாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. வேலையில்லாமல் இருந்தவர் நல்ல வேலைக்குப் போனால் அவர் மனநலம் உயர்ந்தது. அளவுக்கு மீறிய நெருக்கடி, தன் வேலையில் தனக்கே எந்த உரிமையும் இல்லாமை, நிலையின்மை, உழைப்புக்கேற்ற பலன் இல்லாமை, இப்படிப்பட்ட மோசமான வேலைக்குப் போனவரின் மனநலமோ, வேலையில்லாமல் இருந்ததைவிடவும் சரிந்தது. நம் நாட்டிலும் ஒரு கணக்கைப் பாருங்கள். வேலையின்மை விகிதம் 2019இல் 3.3 விழுக்காடு, 2023இல் 3.4. ஏறக்குறைய அதே அளவு. ஆனால் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களிடையே மனச்சோர்வு அதே காலத்தில் 2.3 விழுக்காட்டிலிருந்து 4.6 ஆக இரட்டிப்பானது. நடுவில் கோவிட் வந்துபோனது உண்மைதான். ஆனாலும் வேலை ஒன்றே மருந்து என்றால் இந்தக் கணக்கு இப்படி வந்திருக்காது.

ஆகவே பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தூங்க முடிகிறதா, மேலதிகாரி மரியாதையாகப் பேசுகிறாரா, கூட வேலை செய்பவர்களோடு பழக்கமுண்டா, அங்கே கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வந்தால் "சோம்பேறி" என்று முத்திரை குத்துமுன், எதனால் விட்டான் என்று உட்கார்ந்து கேளுங்கள்.

மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையை வேலைக்கு விரட்டுவதும் சிகிச்சை ஆகாது. சிகிச்சையும் வேண்டும், தோதான வேலையும் வேண்டும். சுகாதார அமைச்சின் மெந்தாரி மையங்கள், மனநோயிலிருந்து மீள்பவர்களுக்குச் சிகிச்சையோடு வேலை தேடவும் அதில் நிலைக்கவும் துணை நிற்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமில்லாமல் ஒருவர் இருந்தால், அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அவர்கள் தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது குற்றம் என்ற பழைய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வருமோ என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. அந்த எண்ணைக் கைப்பேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.