வாய்க்காலில் கழுவினால் கடற்புல்லுக்குக் கேடு



திருவரங்கத்தில் வாழைக்குத் தாமிரப் பூசணக்கொல்லி தெளித்தபின், தெளிப்பானை வாய்க்காலில் கழுவுகிறீர்களா? மருந்துகள் பல நாளடைவில் சிதையும். தாமிரம், காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்களோ சிதைவதில்லை. காவிரி வண்டலோடு கல்லணை கடந்து, வெண்ணாற்றுக் கிளைகள் வழியே முத்துப்பேட்டைக் கடல் வரை அவை செல்லக்கூடும்.

அங்கே பாக் விரிகுடாவில் கடற்புல் வளர்கிறது. அது பாசி அன்று. நெல்லைப் போல் வேர்விட்டுப் பூக்கும் தாவரம். உலோகங்களை வேராலும் இலையாலும் உறிஞ்சும். தாமிரம் மிகுந்தால் அதன் ஒளிச்சேர்க்கை குன்றும். புல் அழிந்தால் இறால் குஞ்சுக்கு இடமில்லை, கடற்பசுவுக்குத் தீனியில்லை. கடற்பசுவுக்கென 2022-இல் அங்கு 448 சதுர கிலோமீட்டர் பரப்பு காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே, தெளிப்பானைக் கழுவிய நீரை அதே பயிருக்குத் தெளித்துவிடுங்கள். பழைய பாட்டரிகளை ஆற்றில் எறியாதீர்கள். துத்தநாக சல்பேட்டை மண் பரிசோதனைப்படி இடுங்கள். பணமும் மிச்சம், கடலும் பிழைக்கும்.