யாருடைய பொருத்தனை செல்லும்?



ரூத்தைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். பேசுகிறேன். ஆனால் மாமியார் பின்னாலேயே போன உத்தம மருமகள் என்று நாம் புத்திமதி சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்ட ரூத்தைப் பற்றி அல்ல; தானே வாக்குக் கொடுத்த ரூத்தைப் பற்றி.

அதற்கு முதலில் வேதாகமத்தில் எண்ணாகமம் 30ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். தகப்பன் வீட்டிலிருக்கும் பெண் ஆண்டவருக்கு ஒரு பொருத்தனை பண்ணுகிறாள். கேட்ட அன்றே தகப்பன் ‘கூடாது’ என்றால், அது செல்லாது. கட்டிக்கொடுத்த பிறகு அந்த அதிகாரம் புருஷன் கைக்கு மாறுகிறது. ஆண்டவரிடம் கொடுத்த வாக்கையே வீட்டு ஆண் ரத்து செய்யலாம்! யார் வாக்கை ரத்து செய்ய முடியாது தெரியுமா? விதவையின் வாக்கை, தள்ளிவிடப்பட்டவளின் வாக்கை. ஆண் செத்த பிறகு, அல்லது துரத்திய பிறகுதான், அவள் வாய்ச்சொல்லுக்கு மரியாதை.

தகப்பன் பொருத்தனை பண்ணினால்? இஸ்ரவேலின் தலைவன் யெப்தாவைக் கேளுங்கள். அம்மோனியரை ஜெயித்துத் திரும்பும்போது வீட்டு வாசலிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்றான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வந்தது அவன் ஒரே மகள். அந்தப் பொருத்தனையை ரத்து செய்ய ஆள் இல்லை. மலைகளில் திரிந்து அழ இரண்டு மாதத் தவணை கேட்டாள், கிடைத்தது. அவள் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது ரூத்திடம் வருவோம். பஞ்சத்தில் எலிமெலேக்கு பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போனபோது, மனைவி நகோமியிடம் யோசனை கேட்டதாக ஒரு வரி உண்டா? இல்லை. எலிமெலேக்கு செத்தான்; ரூத்தையும் ஒர்பாளையும் கட்டிய அவன் மகன்கள் மக்லோனும் கிலியோனும் செத்தார்கள். அதன் பிறகுதான் நடுவழியில் மூன்று விதவைகள் நின்று தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தீர்மானிக்கிறார்கள். தாய்வீட்டுக்குத் திரும்பச் சொன்னாள் நகோமி. அவளை விட்டுப் பிரியேன் என்று ரூத் ஆணையிட்டாள், அது செல்லாது என்று சொல்ல ஆண் யாரும் மிச்சமில்லை! ஒர்பாள் தாய்வீட்டுக்குத் திரும்பினாள். அவளை இன்றும் சிலர் கரித்துக்கொட்டுகிறார்கள். நகோமி பேச்சைக் கேட்டவள் அவள்தானே, ஐயா? பேச்சைக் கேட்டவளுக்கு வசை, கேட்காதவளுக்கு மாலையா?

பெத்லகேமில் ரூத் என்ன செய்தாள்? அறுப்பவர்கள் பின்னால் கதிர் பொறுக்கினாள். ஏழைக்கும் அந்நியருக்கும் விதவைக்கும் சட்டம் விட்டுவைத்த சிந்தல் அது; அந்தச் சட்டம் நல்ல சட்டம், மறுக்கவில்லை. சாயங்காலம் தட்டி எடுத்தால் ஒரு மரக்கால் வாற்கோதுமை. பிறகு ஓர் இரவு களத்துக்குப் போனாள். வயலின் சொந்தக்காரனும் எலிமெலேக்கின் உறவினனுமான போவாஸின் போர்வையை விலக்கிக் கால்மாட்டில் படுத்தாள். செத்த உறவினனின் நிலத்தையும் விதவையையும் மீட்கும் சுதந்தரவாளியின் கடமையை அவனுக்கு நினைவூட்டினாள். யாராவது பார்த்திருந்தால் அவள் கதி என்ன? களத்துக்கு ஒரு பெண் வந்தது தெரியக்கூடாது என்று போவாஸே எச்சரித்து, விடியுமுன் அனுப்புகிறான்.

விடிந்ததும் நகர வாசலில் வழக்கு. பத்து மூப்பர் உட்கார்ந்திருக்கிறார்கள். போவாஸைவிட நெருங்கிய உறவுக்காரன் எலிமெலேக்கின் நிலத்தை மீட்டுக்கொள்கிறேன் என்கிறான். ரூத்தும் சேர்ந்து வருவாள் என்றதும் தன் சொத்து கெட்டுப்போகும் என்று, உரிமையை விட்டுக்கொடுக்கும் அடையாளமாகச் செருப்பைக் கழற்றி ஒதுங்கிக்கொள்கிறான். ரூத் எங்கே? அந்த இடத்தில் அவள் இல்லை! அவளுக்காகத் தீர்ப்பு ஆனது, அவள் வீட்டில் காத்திருந்தாள். மறுபடி புருஷனாகப் போவாஸ் வந்தான். இனி அவள் பொருத்தனையும் அவன் கையில்.

அந்தப் புத்தகத்தின் கடைசி வரிகளைப் பாருங்கள். பாரேசு முதல் தாவீது வரை பத்துத் தலைமுறை, பத்தும் ஆண் பெயர். பாரேசைப் பெற்ற தாமார் அங்கே இல்லை, ஓபேதைப் பெற்ற ரூத்தும் இல்லை. அவர்களை அந்த வரிசையில் சேர்க்க, சுவிசேஷம் எழுதிய மத்தேயு வர வேண்டியிருந்தது.