உடம்பு வலிக்கு மது மருந்தாகுமா?

(சேர்வராயன் மலை விவசாயிகளுக்கு ஆற்றிய உரை)



காப்பிப் பழம் பறிப்பது, மிளகு அறுவடை, நிழல் மரக் கவாத்து என்று ஏற்காட்டுத் தோட்டங்களில் வேலை ஓய்வதில்லை. பெரும்பாலும் சரிவில் நின்று செய்யும் வேலை. மூட்டையைச் சுமந்து மேடு ஏறினால் இடுப்பும் முழங்காலும் வலிக்கத்தான் செய்யும். "உடம்பு வலிக்காகத்தான் குடிக்கிறேன்" என்று சொல்பவர்கள் நம் ஊர்களில் உண்டு. அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது.

மது வலியைக் குறைக்கிறது. இங்கிலாந்தின் கிரீனிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 பரிசோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்டார்கள். இரத்தத்தில் மதுவின் அளவு சுமார் 0.08 சதவீதம் ஆகும்போது வலி கணிசமாகக் குறைகிறது என்று கண்டார்கள். ஆனால் நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். அப்படியானால், வலி அடங்கும் அளவுக்குக் குடித்தவர் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள நம் மலைச்சாலையில் வண்டி ஓட்டத் தகுதியற்றவர். மிளகு பறிக்க ஏணியில் ஏறவும் கூடாது.

வலி எதனால் வந்ததோ, அதை மது குணப்படுத்துவதில்லை. மூளையை மந்தப்படுத்தி, வலியை உணராமல் செய்கிறது. காப்பிச் செடியில் தண்டுத் துளைப்பான் புகுந்தால் இலை மஞ்சளாகும். இலைக்கு மட்டும் சத்துத் தெளித்துவிட்டு இருந்தால், உள்ளே புழு தண்டைக் குடைந்துகொண்டே இருக்கும். இதுவும் அப்படித்தான். சில மணி நேரத்தில் போதை இறங்கும்; வலி திரும்பும். நாள்தோறும் குடித்தால் பழைய அளவு போதாது. பல ஆண்டுகள் மிகுதியாகக் குடிப்பவருக்கு நரம்பு கெட்டு, பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். வலிக்காகத் தொடங்கிய பழக்கம் புதிய வலியைக் கொண்டுவருகிறது.

மதுவுடன் மாத்திரை சேர்ந்தால் ஆபத்து அதிகம். ஆஸ்பிரின், டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யலாம். தொடர்ந்து குடிப்பவர் பாராசிட்டமாலை அளவு மீறி உட்கொண்டால் கல்லீரல் கெடும். தூக்க மாத்திரையுடன் குடித்தால் மூச்சே நின்றுபோகலாம். எனவே மருத்துவரிடம் குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, வலிக்கு என்ன செய்வது?

1. பெரிய மூட்டையை இரண்டாகப் பிரித்துச் சுமக்க வேண்டும். குனிந்து தூக்காமல், முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும்.

2. சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. நாள் கணக்கில் படுத்துக் கிடக்காமல் மெல்ல நடமாட வேண்டும்.

3. கால் மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, ஏணியிலிருந்து விழுந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேடு ஏறும்போது நெஞ்சு வலித்து இடக் கைக்குப் பரவினால் 108ஐ அழையுங்கள். அந்த வலியைக் குடித்து அடக்கப் பார்த்தால் உயிருக்கே ஆபத்து.

4. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவர் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

ராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். அதன்பின் சட்டம் பலமுறை மாறிவிட்டது. சுமை தூக்குபவரின் இடுப்பு வலி மாறவில்லை. வலிக்கு வழி காட்டாமல் "குடிக்காதே" என்று மட்டும் சொன்னால் கேட்பவர் குறைவு.

ஆகவே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவடை நாளில் கூலிக்கு மேல் குடிக்கக் காசு கொடுக்கும் பழக்கம் இருந்தால், அதை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் வேலையாட்களுக்குச் சூடான உணவு கொடுங்கள். உறுதியான ஏணி வாங்குங்கள். நடுவில் சற்று ஓய்வும் கொடுங்கள். வலியோடு வருபவரை மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள். இந்த அறுவடையிலேயே இதைத் தொடங்கலாம்.