லெம்பா பந்தாயில் ஒரு நூலகம்

பெட்டாலிங் ஜெயாவின் எல்லையை ஒட்டி, லெம்பா பந்தாயில் விளங்கும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்களுக்கு இடம் அமைந்த வரலாற்றை ஆராயப் புகுந்தால், அது அரசாங்க மானியத்தால் மட்டும் வந்த ஐசுவரியம் அன்று என்பது புலனாகும். பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், 1956-இல் இந்திய இயல் துறை தோன்றியதையொட்டி, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்ட, சாமானிய உழைப்பாளர்களும் இயன்றதைக் கொடுத்தார்கள்.

பின்னர் 1961-இல் அத்துறைக்கு வந்த தனிநாயக அடிகள், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியதோடு, அவ்வாண்டிலேயே தமிழாராய்ச்சி நூல்களுக்கான வழிகாட்டி அட்டவணை ஒன்றையும் தொகுத்து வெளியிட்டார். மாநாட்டை எல்லோரும் கொண்டாடுகிறோம். அட்டவணையும், என் அபிப்பிராயத்தில், அதற்கு இளைத்ததன்று. முன்னோர் எழுதியது இன்னதென்று அறியாத ஆராய்ச்சி இருட்டில் துழாவுவதல்லவா?

இன்று அட்டவணையின் வேலையைக் கணினி செய்கிறது. பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள் மின்வடிவக் களஞ்சியத்தில் சேர்க்கப்படுவதால், கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்சிலோ உள்ள மாணவர் அவற்றுள் பலவற்றை வீட்டிலிருந்தே தேடலாம். கணினியில் ஏறாத பழைய நூல்களுக்கோ, நேரில் சென்று நூலகரைக் கேட்பதே உத்தமம், சங்கோசப்பட வேண்டியதில்லை.