வீட்டுக்கொரு சிறு டிராக்டர்



செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் சீமை என்று சொல்வது பழைய வழக்கு. ஏரிக் கரையின்கீழ் உள்ள நன்செய்களில் பெரும்பாலும் களிப்பாங்கான மண். கால் வைத்தால் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கி நடந்தால், சவுக்குத் தோப்புகள் தொடங்குமிடத்தில் மண் மணலாகிவிடுகிறது. கால் வைத்தால் நழுவிப் போகும். திருக்கழுக்குன்றத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். அதற்குள் பூமி இவ்வளவு குணம் மாறுகிறது. டிராக்டர் வாங்கப் புகுகின்றவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இந்த மண்ணையே. ஆனால் விற்பனைச் சாலையில் கால் வைத்தவுடன் நாம் கேட்கும் முதற் கேள்வி, “எந்தக் கம்பெனி வண்டி நல்லது?” என்பதுதான்.

எங்கள் குடும்பத்திற்கு இவ்விரு மண்ணிலும் நிலம் உண்டு. ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நன்செய். கடற்கரைப் பக்கம் ஓர் ஏக்கர் தென்னந்தோப்பு. உழவு மாடுகள் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆதலால் வீட்டிற்கென ஒரு சிறு டிராக்டர் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று ஆராயும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அந்த ஆராய்ச்சியில் கண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வாங்கலாமா என்பதை முதலில் பார்ப்போம். சிறு டிராக்டரின் ரோட்டவேட்டர் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுடையது. சேற்றில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் சென்று, மூலைகளில் திரும்பும் நேரத்தையும் சேர்த்தால், ஓர் ஏக்கருக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். மூன்று ஏக்கருக்கு இரண்டு உழவு, ஆண்டுக்கு இரண்டு போகம் என்று கணக்கிட்டால் 36 மணி. தோப்பு உழவும் எருவண்டி இழுப்பதும் சேர்ந்தாலும் நூறு மணியை எட்டுவது அரிது. வேளாண் பொறியியலாரோ, டிராக்டர் ஆண்டுக்கு 1000 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டே அதன் செலவைக் கணக்கிடுவது வழக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது உண்மைதான். ஆயினும் வண்டி சும்மா நிற்கும் நாளிலும் வங்கிக் கடனின் வட்டி சும்மா நிற்பதில்லை. மூன்று ஏக்கர்க்காரர் வாடகைக்குப் பிடித்து உழுவதே மலிவு என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டர்களை வாடகைக்கு அனுப்புகிறது.

அப்படியானால் ஏன் வாங்குகிறார்கள்? மழைதான் காரணம். வடகிழக்குப் பருவ மழை இறங்கி, ஏரியில் நீர் வந்து, சம்பாவுக்குச் சேடை ஓட்ட வேண்டிய நாள் ஊரார் அனைவருக்கும் ஒரே நாளாக வந்து சேர்கிறது. அன்று வாடகை வண்டிக்குக் காத்திருப்பவரின் நாற்றங்கால் முற்றிப் போகிறது. அன்றியும் வாடகைக்கு வருபவை பெரும்பாலும் 40, 50 குதிரைத் திறன் கொண்ட பெரிய வண்டிகள். அவை சிறு கழனியில் திரும்புவதற்குள் வரப்பை இடித்துவிடும். தென்னை வரிசைகளுக்கிடையே தாராளமாகத் திரும்பவும் மாட்டா. பக்கத்து நிலத்தார் இருவர் மூவர் கூலிக்கு அழைப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் சிறு டிராக்டர் வாங்குவது அறிவுடைமை. எங்களுக்கு அந்த நம்பிக்கை இருந்தது. ஆகவே மேலே சென்றேன்.

இனிக் கம்பெனிப் பெயர். சிவப்பு வண்டியாகிய மகிந்திராவையும் நீல வண்டியாகிய ஸ்வராஜையும் ஒப்பிட்டு, நம்மவர்கள் தேநீர்க் கடையில் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். ஸ்வராஜ் டிராக்டரைச் செய்த பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனத்தை மகிந்திரா 2007-ஆம் ஆண்டிலேயே வாங்கிவிட்டது. அதுபோலவே ஐஷர் டிராக்டர் தொழில் 2005-இல் சென்னையின் டாஃபே நிறுவனத்தைச் சேர்ந்தது. சண்டையிடும் இரு கட்சிக்கும் ஒரே வீடு!

பெயரை மட்டும் நம்புவதால் வரும் கேட்டிற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் மின்னியாபொலிஸ் நகரத்துக் கம்பெனியொன்று, ஃபோர்டு என்ற பெயருள்ள ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அப்பெயரில் டிராக்டர் விற்றது. கார் செய்த ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வில்மட் குரோசியர் என்ற நெப்ராஸ்கா விவசாயி அதை வாங்கி அல்லற்பட்டார். அவர் பிறகு சட்டமன்ற உறுப்பினரானார். சோதனை செய்து காட்டாமல் எந்த டிராக்டரையும் மாநிலத்தில் விற்கலாகாது என்ற சட்டம் 1919-இல் நிறைவேறியதற்கு அவரும் ஒரு காரணர். அடுத்த ஆண்டே நெப்ராஸ்கா பல்கலைக் கழகத்தில் சோதனைகள் தொடங்கின.

நம் நாட்டிலும் அத்தகைய இடம் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையிலுள்ள புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. வண்டியின் இழுவை, எண்ணெய்ச் செலவு, தூக்கும் வலிமை யாவையும் அங்கே அளந்து அறிக்கை தருகிறார்கள். விளம்பரத்தாளில் காணப்படும் குதிரைத் திறன் எஞ்சினுக்கு உரியது. ரோட்டவேட்டரைச் சுழற்றுவதோ பின்புறத்திலுள்ள பி.டி.ஓ. தண்டு, அங்கு வந்து சேரும் திறன் எப்போதும் அதனினும் குறைவு. 24 என்று எழுதிய இரண்டு வண்டிகள் தண்டில் ஒரே திறனைத் தரவேண்டும் என்பதில்லை. வாங்குபவர் அறிக்கையில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

நான் பார்த்த வண்டிகளைச் சொல்கிறேன். 15 குதிரைத் திறனில் மகிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 ஆகிய இரண்டும் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். அமைப்பு எளியது, எந்த மெக்கானிக்கும் அஞ்சாமல் திறப்பார். அடுத்த படியில் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் வி.எஸ்.டி.யின் மூன்று சிலிண்டர் வண்டிகள். அதற்கும் மேலே மகிந்திரா ஜிவோ 245, குபோட்டா பி 2441. இரண்டும் 24 குதிரைத் திறன், நான்கு சக்கர இயக்கம், பின்புறம் 750 கிலோ தூக்கும் வலிமை. ஜிவோவுக்குச் சிலிண்டர் இரண்டு, குபோட்டாவுக்கு மூன்று. மூன்று சிலிண்டர் எஞ்சினில் அதிர்வு குறையும். இதற்கு மேற்பட்ட பலம் நமக்கு வேண்டியதில்லை. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையையா இழுக்கப் போகிறோம்?

எங்கள் நன்செய்க்கு மட்டுமானால், கேஜ் வீல் மாட்டிய 15 குதிரைத் திறன் வண்டி போதும்; இலேசான வண்டி சேற்றில் ஆழப் புதையாது. மணலில்தான் கதை வேறு. பின்சக்கரம் மட்டும் உந்தும் சிறு வண்டி, கலப்பை பூமியில் இறங்கியதும் நின்ற இடத்திலேயே குழி தோண்டுகிறது. இதை அளந்து பார்க்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். 90 அடி என்று வைத்துக்கொள்வோம். கலப்பையை இறக்கி அதே பத்துச் சுற்றில் 72 அடிதான் போனால், ஐந்தில் ஒரு பங்கு டீசல் மணலைச் சீய்ப்பதில் கழிகிறது என்று பொருள். சோதனை நிலையத்தாரே இழுவையை அளக்கும்போது நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வழுக்கலை ஒப்புக்கொள்வதில்லை. விற்பனையாளர் தம் முற்றத்தில் ஓட்டிக் காட்டுவதை ஒப்புக்கொள்ளாமல், வண்டியை நம் மண்ணுக்கே வரவழைத்து இந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். இக்காரணத்தால் நான் நான்கு சக்கர இயக்கத்தின் பக்கம் சாய்ந்தேன். விலை கூடுதல், சேற்றில் ஓடினால் முன் அச்சின் ஆயில் சீலையும் அடிக்கடி பார்க்க வேண்டும். அதை அறிந்தே சாய்ந்தேன்.

24 குதிரைத் திறன் வண்டிகளுக்குள் எது என்பதை எஞ்சின் முடிவு செய்யவில்லை. செங்கற்பட்டில் யாரிடம் சீலும் ஃபில்டரும் கிளட்ச் தட்டும் அலமாரியில் இருக்கின்றன, சம்பா உழவு நாளில் கூப்பிட்டால் எந்த மெக்கானிக் அன்றே வருவார் என்பவை முடிவு செய்தன. இந்த விடை ஊருக்கு ஊர் வேறுபடும்; எனவே நாங்கள் தேர்ந்த பெயரை இங்கே சொல்லி உங்களைக் குழப்ப மாட்டேன். கடலோரத்தார் மற்றொன்றும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்று தகட்டையும் மின்கம்பி முனைகளையும் தின்றுவிடும். வண்டிக்குக் கூரை போட்டபின்பே வண்டியை வாங்குவது நல்லது.

பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 முறை சுழலுகிறது. அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. தோள் துண்டோ சேலைத் தலைப்போ அதில் சிக்கினால், கையை இழுத்துக்கொள்ள அவகாசம் கிடையாது. வீட்டு வண்டியென்றால் அதனருகே பெண்டிரும் குழந்தைகளும் வந்து நிற்பர். தண்டின்மேல் மூடியும், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தென்னந்தோப்பில் ஓலை தட்டாதிருக்க மடக்கக்கூடிய வளைவு கிடைக்குமா என்றும் கேளுங்கள். “மூடி பிறகு வரும், கையெழுத்துப் போடுங்கள்” என்று விற்பனையாளர் சொன்னால், மூடி வந்தபின் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.