வாலிப வயதிலும் பக்கவாதம்

 

இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறோம். அதன் பெயர் பக்கவாதம். சிலர் பாரிசவாயு என்பார்கள். "கை கால் விழுந்துவிட்டது" என்றும் சொல்வார்கள்.

பக்கவாதம் என்றதும் உங்கள் மனதில் யார் வருகிறார்? திண்ணையில் படுத்திருக்கும் ஒரு தாத்தா. கோல் ஊன்றி நடக்கும் ஒரு பாட்டி. அப்படித்தானே? வயதானவர்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. அது உண்மை. ஆனால் அவர்களுக்கு மட்டும் வருவதில்லை. உலகில் பக்கவாதம் வருகிற 100 பேரில் 10 முதல் 15 பேர் 50 வயதைத் தாண்டாதவர்கள். 40 வயதில் வருகிறது. 30 வயதில் வருகிறது. 20 வயதிலும் வருகிறது.

வயதானவருக்கு வந்தால் வீட்டார் உடனே புரிந்துகொள்கிறார்கள். வாலிபருக்கு வந்தால் யாரும் நம்புவதில்லை. "இந்த வயசில் அதெல்லாம் வருமா?" என்கிறார்கள். அந்தப் பேச்சிலேயே நேரம் போகிறது. நேரம் போனால் கையும் காலும் போகிறது. சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் போகிறது. அதுபோல மூளைக்குக் குழாய்களில் இரத்தம் போகிறது. வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் கடைசி வயல் காய்கிறது. வாய்க்கால் கரை உடைந்தால் வயல் மூழ்குகிறது. இரண்டிலும் பயிர் சாகிறது.

மூளையிலும் இப்படித்தான். இரத்தம் கட்டியாகிக் குழாயை அடைக்கலாம். அல்லது குழாய் உடைந்து இரத்தம் கசியலாம். அடைப்பினால் வருவதே அதிகம். மூளையின் எந்தப் பகுதிக்கு இரத்தம் போகவில்லையோ, அந்தப் பகுதி செய்யும் வேலை நின்றுவிடும். மூளையின் இடது பக்கம் கெட்டால் உடம்பின் வலது பக்கம் விழும்.

பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், ஒரு நிமிடத்தில் சுமார் 19 லட்சம் மூளை நரம்பு அணுக்கள் சாகின்றன என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். செத்த அணு திரும்ப முளைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் பெரிது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

"திடீரென்று" என்ற சொல்லை நினைவில் வையுங்கள். பெரும்பாலும் இந்த நோய் திடீரென்றுதான் வரும். சந்தேகம் வந்தால் மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?

கை: கண்ணை மூடி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். பத்து எண்ணுங்கள். ஒரு கை கீழே இறங்குகிறதா?

பேச்சு: ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு குழறுகிறதா? சொல்ல நினைத்த சொல் வராமல் தவிக்கிறாரா? நாம் சொல்வது அவருக்குப் புரியவில்லையா?

இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. திடீரென்று ஒரு கண் பார்வை மறைவது. எல்லாம் இரண்டாகத் தெரிவது. ஒரு பக்கம் மரத்துப்போவது. தலை சுற்றி, நடக்க முடியாமல் சாய்வது. இதுவரை வராத அளவுக்குத் தலைவலி வெடிப்பது. இவற்றையும் விட்டுவிடக் கூடாது.

எங்கே ஏமாந்து போகிறோம்?

மூன்று பேரை நினைத்துப் பார்ப்போம்.

முதல் ஆள் ஒரு கொத்தனார். வயது 35. சாரத்தில் நிற்கும்போது தடுமாறுகிறார். பேச்சு குழறுகிறது. கூட வேலை செய்கிறவர்கள், "காலையிலேயே குடித்துவிட்டு வந்துவிட்டான்" என்கிறார்கள். கொட்டகையில் படுக்க வைக்கிறார்கள். மாலையில் வந்து எழுப்பினால் வலது கை அசையவில்லை. அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. குடித்தே இருந்தாலும்தான் என்ன? குடித்தவருக்கும் பக்கவாதம் வரும். போதை ஒரு பக்கக் கையை மட்டும் தளர்த்தாது.

இரண்டாவது, பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஒரு பெண். வயது 22. தலைவலி நாளுக்கு நாள் கூடுகிறது. வாந்தி வருகிறது. கண் மங்குகிறது. பிறகு வலிப்பு வருகிறது. "காற்று கருப்பு அடித்துவிட்டது" என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். இது காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. மூளையிலிருந்து இரத்தம் திரும்பி வரும் குழாய் அடைபட்டிருக்கலாம். இந்த வகை மட்டும் மெதுவாக, சில நாட்களாக வளரலாம். பிரசவத்துக்குப் பின் வரும் கடுமையான தலைவலியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்.

மூன்றாவது, ஒரு தையல் கடைக்காரர். வயது 40. காலையில் இடது கை மரத்துப்போகிறது. கத்தரிக்கோல் நழுவி விழுகிறது. பத்து நிமிடத்தில் கை சரியாகிவிடுகிறது. "கையை மடக்கித் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது" என்று வேலையைத் தொடர்கிறார். மறுநாள் விழுந்துவிடுகிறார்.

இந்த மூன்றாமவரை மறக்காதீர்கள். வந்து போன அறிகுறியும் ஆபத்துதான். அடைப்பு வந்து, தானாக விலகியிருக்கிறது. மீண்டும் வரலாம். முதல் இரண்டு நாட்களில்தான் அந்த ஆபத்து மிக அதிகம். சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றே சிகிச்சை தொடங்கினால் பெரிய பக்கவாதத்தைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் 108-ஐ அழையுங்கள். அந்த எண் கிடைக்காத இடத்தில் 112-ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். எந்த மருத்துவமனையில் ஸ்கேன் உண்டு என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

அந்தப் படம் எதற்கு? அடைப்பா, கசிவா என்று படம் பார்த்தால்தான் தெரியும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி மருந்து இருக்கிறது. அதை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு முன்னதாகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. நாலரை மணி தாண்டிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சிலருக்கு அதற்குப் பிறகும் கட்டியை எடுக்க வழி உண்டு.

"இதெல்லாம் பெரிய நகரத்தில்தானே நடக்கும்?" என்று கேட்கலாம். இமாச்சலப் பிரதேசம் மலை நாடு. அங்கே 2014-ல் ஓர் ஏற்பாடு தொடங்கியது. ஸ்கேன் உள்ள அரசு மருத்துவமனை டாக்டர்கள், படத்தைக் கைபேசியில் மூளை நரம்பு நிபுணருக்கு அனுப்பினார்கள். அவர் தூரத்திலிருந்தே ஆலோசனை சொன்னார். உள்ளூர் டாக்டரே ஊசி போட்டார். மலையிலும் இது முடிந்தது. ஆனால் நோயாளி நேரத்தோடு வந்தால்தான் முடியும்.

ஒரு சீட்டு எழுதுங்கள்

மருத்துவமனையில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "எத்தனை மணிக்கு வந்தது?" பதற்றத்தில் வீட்டாருக்கு நேரம் மறந்துபோகும். நேரம் தெரியாவிட்டால் ஊசி போட டாக்டர் தயங்குவார்.

நீங்கள் எழுதப் படிக்கக் கற்றவர்கள். அந்தப் படிப்பு இப்போது ஓர் உயிருக்கு உதவும். ஒரு துண்டுக் காகிதத்தில் இப்படி எழுதுங்கள்:

வயது 35. ஆண்.
காலை 9 மணிக்கு நன்றாக இருந்தார்.
9.20-க்கு வலது கை விழுந்தது. பேச்சு குழறியது.
இரத்தக் கொதிப்பு உண்டு. ஒரு மாதமாக மாத்திரை சாப்பிடவில்லை.
சர்க்கரை நோய் இல்லை.

தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதுங்கள். "இரவு 10 மணிக்குப் படுத்தார்" என்று எழுதினால் போதும். சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

என்ன செய்யக் கூடாது?

தண்ணீர், காபி, சோறு எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும்.

மாத்திரை எதுவும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் வேண்டாம். மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் அது இன்னும் கெடுக்கும்.

புறா இரத்தம் தடவுவது, எண்ணெய் தேய்ப்பது, மந்திரிப்பது எதுவும் அடைப்பை நீக்காது. பொன்னான நேரம்தான் போகும்.

நினைவு தப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

வாலிபருக்கு ஏன் வருகிறது?

இரத்தக் கொதிப்பு முதல் காரணம். அது சத்தமில்லாமல் இருக்கும். அளந்தால்தான் தெரியும். சீட்டில் இரண்டு எண்கள் எழுதுவார்கள். மேல் எண் 140-ஐயோ, கீழ் எண் 90-ஐயோ தொட்டால் டாக்டரிடம் கேளுங்கள். 30 வயதானவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணம் கொடுக்காமல் அளந்துகொள்ளலாம். சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை, அளவில்லாத குடி ஆகியவை வாலிபரையும் படுக்கையில் தள்ளும்.

சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமும் வந்த சிலருக்கு இதய வால்வு கெட்டிருக்கும். அங்கே உறையும் இரத்தம் மூளைக்குப் போய் அடைக்கலாம். மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கிறார்கள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் சில நேரம் கழுத்தில் ஓடும் இரத்தக் குழாய் உள்ளே கிழிந்துவிடும். அதனாலும் பக்கவாதம் வரும். "கழுத்து வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

சில கேள்விகள்

"வலியே இல்லையே, எதற்கு ஓட வேண்டும்?"
பக்கவாதத்தில் பலருக்கு வலி இருக்காது. வலி இல்லை என்பதால்தான் பலர் காத்திருந்து கெடுகிறார்கள்.

"பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்கிறார்களே?"
அது தவறு. உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தம் உறைய வழியாகிறது. தாகத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். சாப்பாட்டையும் குறைக்காதீர்கள்.

"ஓடிப் போய், ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால்?"
சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள். சர்க்கரை குறைந்தாலும், வலிப்பு வந்தாலும் இதுபோலத் தெரியலாம். பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. கொண்டு சேர்ப்பது நம் வேலை.

அன்பர்களே, வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். முகம், கை, பேச்சு, நேரம், 108 என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். யாருக்கு வந்தாலும் வயதைப் பார்க்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.